தெருப்பூனைகளும் குட்டிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடில்லாப் பூனைகளைப் பற்றியே இருந்ததால், பிற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு முழுப் பகுதியையும் அவற்றுக்கே கொடுத்திருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், விவரம் கூடுதலாக இருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வீட்டின் பின்புறம் பழைய சாமான்கள் அடுக்கியிருக்கும் இடத்தில் நேற்று மாலை மூன்று பூனைக் குட்டிகளைக் கண்டோம். கண் இன்னும் திறக்கவில்லை. சத்தமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. தாயைக் காணவில்லை. உள்ளே எடுத்து வந்து பால் கொடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள். சத்தமில்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்; வயிறு நிறைந்த, உடல் சூடு குறையாத குட்டிகள்தான் பெரும்பாலும் அப்படித் தூங்கும். பசித்த குட்டி ஓயாமல் கத்தும், படுத்த இடத்தைவிட்டு ஊர்ந்து வெளியே வரும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: நெடுநேரம் பட்டினி கிடந்த குட்டி கத்தவும் தெம்பில்லாமல் துவண்டு கிடக்கும் என்பதால், அமைதியை மட்டும் நம்பிவிடாமல், உடல் வெதுவெதுப்பாக இருக்கிறதா, வயிறு உருண்டிருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். ஒரு முறை மனிதக் கை பட்டதற்காகத் தாய்ப்பூனை குட்டிகளை ஒதுக்கிவிடாது. ஆள் நடமாட்டம் மிகுந்தால்தான் இடத்தை மாற்றும்.

தாய் இரை தேடப் போனால் திரும்பப் பல மணி நேரம்கூட ஆகும். நீங்கள் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் எங்கோ மறைவில் உட்கார்ந்து நீங்கள் போவதற்காகக் காத்திருக்கும். ஆகவே, குட்டிகளைச் சுற்றி ஏதேனும் ஒரு மாவை மெல்லிய வளையமாகத் தூவிவிட்டு உள்ளே போய்விடுங்கள். சில மணி நேரம் கழித்து மாவில் காலடித் தடம் தெரிந்தால் தாய் வந்து போயிருக்கிறது என்று பொருள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வழியாக. தொடக்க காலத்தில், ஒரு கிழிந்த சாக்கின்மேல் இரண்டு குட்டிகள் மட்டும் கிடப்பதைப் பார்த்து, கைவிடப்பட்டவை என்று முடிவுகட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்று இருட்டும் நேரத்தில் மீண்டும் அங்கே போனபோது, தாய்ப்பூனை அந்தச் சாக்கை முன்காலால் விலக்கி அடியில் தேடிக்கொண்டிருந்தது. நகர்ந்துபோய்ச் சுவரோரம் முகர்ந்துவிட்டு மறுபடியும் வந்து சாக்கைப் புரட்டியது. அது குட்டிகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. நான் கண்டது மிச்சமிருந்த இரண்டை. குரங்குக் குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக் குட்டியையோ தாய்தான் கவ்விக்கொள்ள வேண்டும் என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவருகிறோம். ஒரு வாயால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவ்வ முடியும் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். கால் மணி நேரத்துக்குள் முதல் குட்டி போய்விட்டது.

வெள்ளம், நாய், வாகனம் என்று உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் குட்டிகளை நகர்த்துங்கள். அதுவும் தாய் கண்டுபிடிக்கக்கூடிய தொலைவுக்குள். தாய் வந்துபோவது உறுதியானால், அதற்கு உணவும் நீரும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், குட்டிகளின் பக்கத்திலேயே வைத்தால் மற்ற விலங்குகளை அழைத்துவிடும். ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் கண் திறக்கும், மூன்றாம் வாரத்தில் முன்பற்கள் முளைக்கத் தொடங்கும், ஐந்து வாரம் ஆகும்போது தாயின் உணவில் வாய் வைக்கும். குட்டிகளை மனிதரோடு பழக்கத் தோதான பருவம் ஏறத்தாழ இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. எனவே தாய் யாரிடமும் ஒட்டாத பூனையாக இருந்தால் ஐந்தாறு வாரத்தில் குட்டிகளை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பழகிய பூனையாக இருந்தால் தாயையும் சேர்த்தே ஓர் அறைக்குள் கொண்டுவந்து, எட்டு வாரம்வரை பால் குடிக்க விடுவது மேல். எப்படியானாலும் அந்தத் தாய்க்குக் கருத்தடை செய்ய நாள் குறித்துவிட்டுத்தான் குட்டிகளுக்குப் பெயர் வைக்க உட்கார வேண்டும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அது மறுபடியும் சினையாகிவிடக் கூடும்.

கேள்வி: தாய் வாகனத்தில் அடிபட்டு இறந்துவிட்டதால் ஒரே ஒரு குட்டியை எடுத்து வந்திருக்கிறேன். கண் திறந்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். உடம்பு சில்லென்றிருக்கிறது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: முதலில் சூடு, பிறகுதான் உணவு. உடல் குளிர்ந்த குட்டியின் வயிறு எதையும் செரிக்காது. அந்த நிலையில் பால் புகட்டுவது அதற்குத் தீங்காகவே முடியும். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியில் சுற்றி ஒரு பெட்டியின் பாதியில் மட்டும் வைத்து, சூடு மிகுந்தால் குட்டி விலகிக்கொள்ள மறுபாதியைக் காலியாக விடுங்கள். அதன் வயிறும் பாதங்களும் வெதுவெதுப்பான பின்பு உணவைப் பற்றி யோசிக்கலாம்.

பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும். கால் கிலோகூட எடையில்லாத உடலில் ஒரு நாள் கழிச்சலே உயிரைக் குடித்துவிடும். தண்ணீர் கலந்தால் இந்தக் குறை தீராது, சத்துதான் இன்னும் குறையும். பூனைக் குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவை வாங்கி, உறையில் குறிப்பிட்ட அளவில் கரைத்து, இந்த வயதில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதுபோலவே குட்டி குப்புறப் படுத்திருக்க, தலை சற்றே நிமிர்ந்திருக்க வேண்டும். அது தானாகச் சப்பி இழுக்கட்டும், பீச்சி ஊற்றாதீர்கள்.

பலரும் மறக்கும் வேலை ஒன்று இருக்கிறது. மூன்று வாரம் ஆகும்வரை இக்குட்டிகள் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிப்பதில்லை. தாய் நக்கிவிட்டுத்தான் கழிக்க வைக்கும். ஒவ்வொரு முறை பால் கொடுப்பதற்கு முன்போ பின்போ, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அந்த இடத்தை மெல்ல ஒத்தி எடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். நாளைக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் முழுவதும் எடை ஏறாமலிருந்தாலோ இறங்கினாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இத்தனையும் செய்தும் சில குட்டிகள் பிழைப்பதில்லை. அண்மையில் குட்டிகளை இழந்த, அல்லது இப்போது பாலூட்டிக்கொண்டிருக்கும் தாய்ப்பூனை யாரிடமாவது இருந்தால் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். பல பூனைகள் பிறர் குட்டியையும் சேர்த்துக்கொள்ளும்.

கேள்வி: இரண்டு பூனைகளுக்கு உணவு வைக்கத் தொடங்கினேன், இப்போது ஒன்பது வருகின்றன. ஒன்றைக்கூட என்னால் தொட முடியாது. இவற்றுக்கு எப்படிக் கருத்தடை செய்விப்பது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கணக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு பூனையின் நிறம், அடையாளம், ஆணா பெண்ணா என்பதைக் குறியுங்கள். கறுப்பும் செம்மஞ்சளும் கலந்தவை, மூவண்ணப் பூனைகள் ஆகியன ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தாம் என்பதால் தூரத்திலிருந்தே சிலவற்றைக் கண்டுகொள்ளலாம். பெண் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், சினைக்காலம் ஒன்பது வாரம், ஓர் ஈற்றுக்கு நான்கு குட்டிகள் என்பது வழக்கம், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்றுகள்கூட நடக்கும். இரண்டு எப்படி ஒன்பதானது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை. எனவே முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். ஆனால் பிடிப்பதற்காக வைக்கும் பொறிக்கூண்டுக்குள் எது முதலில் வந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள், ஒரு முறை தப்பிய பூனை மறுமுறை எளிதில் வராது.

இனி உணவை எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வையுங்கள். நாள் முழுவதும் கிண்ணம் நிறைந்திருந்தால் எந்தப் பூனையும் பொறிக்கூண்டுக்குள் நுழையாது. கூண்டின் கதவைக் கயிற்றால் திறந்தபடியே கட்டி, சில நாள்கள் உணவைக் கூண்டுக்குள்ளேயே வைத்துப் பழக்குங்கள். பிடிப்பதற்கு முந்தைய நாள் உணவு வேண்டாம். நீர் மட்டும் இருக்கட்டும். அது பசியோடு வருவதற்கும் உதவும், மயக்க மருந்தின்போது வாந்தியெடுத்து மூச்சுக்குழலில் போகாமலிருக்கவும் உதவும். ஆனால் சிறு குட்டிகளை இரவு முழுவதும் பட்டினி போடக் கூடாது, அவற்றின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் அன்று, மணம் தூக்கலான மீனை, பூனை மிதித்ததும் கதவை விழச் செய்யும் மிதிதட்டுக்கு அப்பால், கூண்டின் கடைசியில் வைத்து, வாசலிலிருந்து உள்ளே வரை சிறு துணுக்குகளாகத் தடம் போடுங்கள். பூனை கழுத்தை நீட்டி ஒரு துணுக்கைத் தின்னும், பின்வாங்கும், சுற்றிவந்து பக்கவாட்டுக் கம்பி வழியாக மீனை எடுக்க முடியுமா என்று பார்க்கும், பிறகு வயிறு தரையில் உரச மெல்ல உள்ளே போகும். கதவு விழுந்த மறுகணம் அது பந்துபோல் எகிறிக் கம்பியில் மோதும். பார்க்கவே நெஞ்சு பதைக்கும். கையில் தயாராக வைத்திருக்கும் பெரிய போர்வையைக் கூண்டு முழுவதும் மூடுமாறு போட்டுவிட்டால், இருட்டில் பெரும்பாலும் விரைவில் அடங்கிவிடும். முதல் முறை கூண்டு வைப்பவர்கள் பலர் இந்தப் போர்வையை மறந்துவிட்டு, பூனை மூக்கைக் கிழித்துக்கொண்டதைப் பார்த்து அழுதிருக்கிறார்கள்.

பெண் பூனைக்குச் சூலகத்தையும், பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே நீக்குவார்கள். ஆண் பூனைக்கு விரைகளை நீக்குவார்கள், இது சில நிமிட வேலை. மயக்கத்தில் இருக்கும்போதே, கருத்தடை ஆனது என்பதற்கு அடையாளமாக ஒரு காதின் நுனியை ஒரு சென்டிமீட்டர் அளவில் நேராக வெட்டிவிடுவது உலகில் பல இடங்களிலும் உள்ள முறை. (ஜப்பானில் நேராக வெட்டாமல் செர்ரிப் பூவின் இதழைப்போல முக்கோணமாகச் செதுக்குகிறார்கள்; ஆணுக்கு வலக்காது, பெண்ணுக்கு இடக்காது.) அழகு கெடுகிறதே என்று சிலர் இதை வேண்டாமென்கிறார்கள். அந்த அடையாளம் இல்லாததால், ஏற்கெனவே சிகிச்சை ஆன பூனையை இன்னொருவர் மீண்டும் பிடித்து, மயக்கி, வயிற்றைத் திறந்து பார்த்த பிறகே உண்மை தெரிந்த நிகழ்வுகள் உண்டு. காதின் நுனியை நான் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

சிகிச்சைக்குப் பின் கூண்டிலேயே, மூடியபடி, வெதுவெதுப்பான அமைதியான இடத்தில் வையுங்கள். தள்ளாடி விழும், கண் திறந்திருந்தும் எதையும் பார்க்காது. பரிவோடு கையை உள்ளே விட்டால் கடித்துவிடும். முழுதாகத் தெளிந்த பிறகு கொஞ்சம் உணவு. ஆண் பூனையை ஒரு நாளும் பெண் பூனையை இரண்டு மூன்று நாளும் வைத்திருந்து, காயத்தில் வீக்கமோ கசிவோ இல்லை என்று பார்த்து, பிடித்த அதே இடத்தில் விட்டுவிடுங்கள். பாலூட்டும் தாயாக இருந்தால் தெளிந்ததும் மருத்துவர் சொல்லும் முதல் நேரத்திலேயே விட்டுவிட வேண்டும். அறுவைக்குப் பிறகும் அதற்குப் பால் சுரக்கும், குட்டிகள் எங்கோ காத்திருக்கும். ஆண் பூனைக்கு அறுவைக்குப் பின் சில வாரங்கள் வரை கருவுறச் செய்யும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரு முறையாவது குட்டி போட்ட பிறகு கருத்தடை செய்வதுதான் பூனையின் உடலுக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே, ஐந்து மாதம் ஆவதற்குள் செய்துவிடுவதுதான் நல்லது. ஆறு மாதத்துக்குள் செய்துகொண்ட பெண் பூனைகளுக்குப் பால் சுரப்பிப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. கருப்பையில் சீழ் கட்டும் நோயிலிருந்தும் காப்பு கிடைக்கிறது. தாய்மை என்னும் அனுபவத்தைப் பூனை எண்ணி ஏங்குவதில்லை. அந்த ஏக்கம் நம்முடையது.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எல்லாப் பூனைகளையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் என்று தீர்மானம் போட இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?

பதில்: அன்பு, இரக்கம் என்று தொடங்காதீர்கள், கூட்டம் அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும். எது தொந்தரவு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரவில் அலறல், வாசலில் சிறுநீர் நெடி, குட்டிகள் பெருகுவது, சிதறிக் கிடக்கும் உணவு என்ற நான்கில்தான் பெரும்பாலும் எல்லாமே அடங்கும். முதல் இரண்டும் இனப்பெருக்கத்தையொட்டிய நடத்தைகள், கருத்தடைக்குப் பின் பெரிதும் குறைந்துவிடும், மூன்றாவது நின்றுவிடும், நான்காவது உணவு வைப்பவரின் பொறுப்பு. அரை மணி நேரத்தில் கிண்ணங்களை எடுத்துக் கழுவி வைப்பேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள்.

பிறகு, வெளியே கொண்டுபோய் விடுவதால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லுங்கள். இடம் தெரியாத பூனை நீர் எங்கே, ஒளிவிடம் எங்கே என்று அறியாமல் அலையும். அங்கு ஏற்கெனவே இருக்கும் பூனைகள் விரட்டும். திரும்பி வர முயன்று சாலையில் மாளும். இங்கேயோ, பூனைகளை ஈர்த்த குப்பையும் எலியும் மறைவிடமும் அப்படியே இருப்பதால், சுற்றுவட்டாரத்திலிருந்து கருத்தடை ஆகாத வேறு பூனைகள் வந்து சேரும். அடுத்த ஆண்டு அதே தீர்மானத்தை மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மருமகள் கருவுற்றிருக்கிறாள். நாங்கள் எடுத்து வளர்க்கும் பூனையை அனுப்பிவிட வேண்டுமா?

பதில்: அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் அச்சத்துக்குக் காரணமான டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியை, தொற்று ஏற்பட்ட பூனை பொதுவாக ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் மலத்தில் வெளியேற்றும். அது வெளியேறிய பிறகும் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள், அந்த வேலையை மருமகள் அல்லாத ஒருவர் செய்யட்டும். பூனையை வெளியே விடாமலும் பச்சை இறைச்சி கொடுக்காமலும் இருங்கள். சரியாக வேகாத இறைச்சியும் மண் போகக் கழுவாத காய்கறியும் இந்தத் தொற்றுக்கு முக்கிய வழிகள் என்பதையும் மகப்பேறு மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

தெருப்பூனை கடித்தால் என்ன செய்வது என்று வேறு இருவர் கேட்டிருந்தார்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனையின் பல் ஊசிபோல ஆழமாக இறங்குவதால், வெளியே சிறிய புள்ளியாகத் தெரியும் காயம் உள்ளே சீழ் பிடிக்கும். வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்பதையும் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: மீட்டு வளர்த்த நான்கு குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகிறது. கேட்பவர்களிடம் கொடுத்துவிடலாமா? எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: குட்டிகள் உங்களிடம் வந்து இரண்டு வாரமாவது தனியாக வைத்துக் கவனித்திருக்கிறீர்களா என்பது முதல் கேள்வி. பூனைகளின் பார்வோ தொற்று வெளியே தெரியப் பத்து நாள்வரை ஆகலாம். அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் ஓர் ஆண்டுவரைகூட உயிரோடிருந்து, அடுத்து வரும் குட்டியையும் கொல்லும். குடற்புழு நீக்கியிருக்க வேண்டும், முதல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். தெள்ளுப்பூச்சி இருந்தால் நெருக்கமான பற்கள் கொண்ட சீப்பால் வாருங்கள். நாய்க்கு விடும் பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சு. அதுபோலவே நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையும்.

ஒரு கிலோ எடையை எட்டிய குட்டிக்குக் கருத்தடை செய்யும் மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள். முடிந்தால் அதை முடித்துவிட்டே கொடுங்கள். பிறகு செய்துகொள்கிறோம் என்று மனமார வாக்களித்தவர்களே, ஒரு நாள் தொலைபேசியில் "இது குட்டி போட்டுவிட்டது, உங்களுக்கு வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வருகிறவர்களைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் நடத்த வேண்டாம். பேச விட்டாலே போதும். வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, ஜன்னலுக்கும் மாடி முகப்புக்கும் வலை உண்டா, வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள், முன்பு வளர்த்த விலங்கு என்ன ஆயிற்று என்ற கேள்விகளுக்கு வரும் பதிலைவிட, பதில் வரும் விதம் நிறையச் சொல்லும். பிறந்தநாள் பரிசாக ஒருவருக்குத் தெரியாமல் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. குட்டியை நீங்களே கொண்டுபோய் விடுங்கள். அந்த வீட்டின் ஜன்னலை உங்கள் கண்ணால் பார்த்ததாகவும் இருக்கும். ஒத்துவராவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கில் ஒன்றோடொன்று பிரியாமல் தூங்கும் இரண்டு இருந்தால் சேர்த்தே கொடுக்கப் பாருங்கள். ஒன்றையொன்று கடித்து விளையாடும் குட்டிகள் மனிதக் கையைக் கடிப்பது குறையும்.

புதிய வீட்டில் முதல் சில நாள்கள் ஒரே ஓர் அறை, ஒரு மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி என்பதே போதும். கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்தால் இழுத்து வெளியே எடுக்காதிருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஐந்து மாதக் குட்டி ஒன்றைப் பிடித்து வந்து ஒன்பது வாரம் ஆகிறது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்துவிட்டன. இன்னமும் என்னைக் கண்டால் சீறி அலமாரிக்குப் பின்னால் போய்விடுகிறது. இரவில் ஜன்னலருகே உட்கார்ந்து கத்துகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: உங்கள் தவறு எதுவும் இல்லை. அது உங்களிடம் வந்தபோதே மனிதரோடு பழகும் பருவத்தைக் கடந்துவிட்டிருந்தது. இன்னும் சில வாரம் முயல்வதாக இருந்தால், உணவு நேரத்தில் மட்டும் அறைக்குள் போய், தரையில் உட்கார்ந்து, அதன் கண்ணை நேராக உற்றுப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் எதையாவது படித்துக்கொண்டிருங்கள். கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் ஒரு சாண் அளவு உங்கள் பக்கம் நகர்த்துங்கள். உங்களைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கண்ணை மூடித் திறந்தால் அது நல்ல அறிகுறி. நீங்கள் இருக்கும்வரை உண்ணவே மறுத்தால், அதைப் பிடித்த இடத்திலேயே, அதன் கூட்டம் இன்னும் அங்கே இருக்கிறதா, உணவு வைக்க ஆள் உண்டா என்று பார்த்துவிட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். விடியற்காலையில், வாகனங்கள் ஓடத் தொடங்குமுன், கூண்டின் வாயைச் சாலைக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். உடனே ஓடிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில பூனைகள் திறந்த கதவுக்கு முன்னால் வெகுநேரம் காற்றை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்.